வெயிலை வைத்து ஐஸ் போடலாமா? வாசகர் கேள்வி பதில்

சூரிய வெப்பத்தைக் கொண்டே குளிரூட்ட முடியும் என்று போன இதழில் ஒரு வரி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மண்டபம், பாம்பன், கீழக்கரை, வாலிநோக்கம் என்று கடற்கரை நெடுகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி கேட்டிருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் இருக்கிறது.

கேள்வி: சூடு கொடுத்தால் பொருள் சூடாகும், இதுதான் நாங்கள் பாடம் நடத்துவது. கம்ப்ரசரே இல்லாமல் வெறும் வெப்பத்தைக் கொடுத்து ஐஸ் கட்டலாம் என்றால் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது? வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிக்கு முரண் இல்லையா?
*(இயற்பியல் ஆசிரியை, தங்கச்சிமடம்)*

முரண் இல்லை, டீச்சர். குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு வெப்பம் தானாகப் போகாது என்பதுதான் இரண்டாம் விதி. வேறு ஒரு வெப்பம் உயர்ந்த வெப்பநிலையிலிருந்து கீழே இறங்குமானால், அந்த இறக்கத்தைக் கூலியாகக் கொடுத்து இன்னொரு வெப்பத்தைக் கீழிருந்து மேலே ஏற்றிக்கொள்ள அந்த விதியே இடம் கொடுக்கிறது.

பிள்ளைகளிடம் ஐஸ் கம்பெனியிலிருந்து ஆரம்பியுங்கள், அவர்கள் தினமும் பார்ப்பது. அங்கே குழாய்க்குள் திரவ அமோனியா ஆவியாகிறது. மைனஸ் 10 டிகிரியில் ஒரு கிலோ அமோனியா ஆவியாவதற்கு ஏறக்குறைய 1,300 கிலோஜூல் வெப்பம் வேண்டும், அதைச் சுற்றியிருக்கும் உப்புநீர்த் தொட்டியிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. குளிர்விக்கும் வேலை அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. மிச்சம் நடப்பதெல்லாம் அந்த ஆவியைத் திரும்பவும் திரவமாக்கும் பாடுதான். அந்தக் குளிரில் ஆவியின் அழுத்தம் சுமார் 3 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்). அதை 35, 40 டிகிரி சூட்டில் இருக்கும் கண்டன்சரில் திரவமாக்க வேண்டும் என்றால் 13 முதல் 15 பார் வரை அழுத்தியாக வேண்டும். ஒரு கிலோ ஆவி 400 லிட்டருக்கு மேல் இடம் அடைக்கும். அவ்வளவு பெரிய கொள்ளளவை அமுக்குவதால்தான் கம்ப்ரசர் மோட்டார் கரண்டைக் குடிக்கிறது.

உறிஞ்சு முறையில் கம்ப்ரசர் இருந்த இடத்தில் இரண்டு கலங்கள் வருகின்றன. அமோனியாவுக்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை. உறிஞ்சுகலம் என்கிற முதல் கலத்தில் ஆவியை நீர்த்த கரைசலுக்கு மேலே விட்டால் தானாகக் கரைந்துவிடும். இப்போது கையில் இருப்பது திரவம். திரவத்தைச் சின்ன பம்பு ஒன்று உயர் அழுத்தத்துக்குத் தள்ளிவிடும், அதற்கு ஆகும் மின்சாரம் கிடைக்கும் குளிரில் 100ல் ஒன்று என்கிற அளவுதான். தள்ளிய கரைசலை இரண்டாவது கலமான கொதிகலனில் சூடாக்கினால் அமோனியா அந்த உயர் அழுத்தத்திலேயே பிரிந்து வெளியே வரும். அங்கிருந்து கண்டன்சர், வால்வு, மறுபடி ஆவியாதல் எல்லாம் பழையபடிதான். கரைசலில் மிஞ்சிய தண்ணீர் உறிஞ்சுகலத்துக்குத் திரும்பிப் போகிறது. சூரியன் உள்ளே வருவது அந்தக் கொதிகலன் ஒன்றில் மட்டும்தான்.

இன்னொரு ஜோடியும் உண்டு, தண்ணீரும் லித்தியம் புரோமைடும். இதில் ஆவியாவது தண்ணீர், உறிஞ்சுவது உப்பு. ஐப்பசி கார்த்திகையில் அடுப்படி உப்பு ஜாடி கசிந்து நீர் கோத்துக்கொள்கிறது அல்லவா, காற்றின் ஈரத்தை உப்பு இழுக்கும் அந்தக் குணம் லித்தியம் புரோமைடுக்குப் பல மடங்கு அதிகம். கலத்தில் காற்றையெல்லாம் எடுத்துவிட்டு, அழுத்தத்தை வளிமண்டலத்தில் 100ல் ஒரு பங்குக்கும் கீழே வைத்தால் தண்ணீர் 5 டிகிரியிலேயே கொதிக்கும். எழும் ஆவியை உப்புக்கரைசல் உடனுக்குடன் விழுங்குவதால் அழுத்தம் ஏறாமல் கொதி தொடரும். பெரிய கட்டடங்களின் ஏசிக்கு இந்த ஜோடிதான். ஐஸுக்கு ஆகாது, ஏனென்றால் குளிர்விக்கும் பொருளே தண்ணீர், அது 0 டிகிரியில் உறைந்துவிடும்.

இது புதிய யோசனையும் இல்லை. பிரான்சில் ஃபெர்டினான்ட் கரே 1859ல் அமோனியா-தண்ணீர் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1878 பாரிஸ் கண்காட்சியில் அகஸ்டின் மூஷோ ஒளியைத் திருப்பும் பெரிய கிண்ணக் கண்ணாடி ஒன்றால் வெயிலைக் குவித்து, அந்த வெப்பத்தில் ஐஸ் கட்டி எடுத்துக் காட்டிப் பதக்கமும் வாங்கினார். 1922ல் ஸ்டாக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள், ஃபான் பிளாட்டனும் முன்டர்ஸும், அந்தச் சின்ன பம்பும் வேண்டாம் என்று ஹைட்ரஜனை உள்ளே சேர்த்து அசையும் பாகமே இல்லாத ஃப்ரிட்ஜ் செய்தார்கள். கரண்ட் வராத ஊர்களின் ஆஸ்பத்திரிகளில் தடுப்பு மருந்து வைத்திருந்த மண்ணெண்ணெய் ஃப்ரிட்ஜ் அந்த வகைதான். அடியில் திரி எரியும், மேலே ஐஸ் கட்டும். வீட்டில் பெரியவர்கள் யாராவது அதைப் பார்த்திருப்பார்கள், பிள்ளைகளைக் கேட்டுவரச் சொல்லுங்கள்.

கேள்வி: மண்டபத்தில் 10 டன் ஐஸ் கம்பெனி நடத்துகிறேன். கரண்ட் பில் கட்டி மாளவில்லை. மாடியில் சோலார் டியூப் போட்டால் கம்ப்ரசரையே கழற்றி வைத்துவிடலாம் என்று ஒருவர் வந்து பேசுகிறார். நம்பலாமா?

முடியும் என்பது உண்மைதான், அண்ணே. உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பது வேறு. வாங்க, கணக்கையே போட்டுப் பார்த்துவிடுவோம்.

ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்கு இறக்க 126 கிலோஜூல், உறைய வைக்க 334, இன்னும் கொஞ்சம் கீழே இறக்க ஒரு 10. ஆக 470 கிலோஜூல். ஒரு யூனிட் என்பது 3,600 கிலோஜூல், அதனால் ஒரு டன்னுக்கு 130 யூனிட் குளிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமோனியா-தண்ணீர் உறிஞ்சு இயந்திரம் ஐஸ் போடும் வெப்பநிலையில் ஒரு யூனிட் வெப்பத்துக்குப் பாதி யூனிட் குளிர்தான் தரும். அப்படியானால் ஒரு டன் ஐஸுக்கு 260 யூனிட் வெப்பம் கொதிகலனுக்குள் போக வேண்டும், அதுவும் 110 முதல் 130 டிகிரியில். வீட்டு மாடியில் குளிக்க வைத்திருக்கும் சோலார் ஹீட்டர் தண்ணீர் அந்தப் பக்கமே வராது, நல்ல வெற்றிடக் குழாய்களோ வெயிலைக் குவிக்கும் தொட்டிக் கண்ணாடிகளோதான் வேண்டும். நம் பக்கத்தில் சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 5 யூனிட் அளவு வெயில் விழுகிறது. 120 டிகிரியில் வெற்றிடக் குழாய் அதில் பாதிக்கும் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். குழாய் வழியிலும் தொட்டியிலும் போகும் நஷ்டத்தையும் சேர்த்தால் ஒரு டன் ஐஸுக்குச் சுமார் 150 சதுர மீட்டர், உங்கள் 10 டன்னுக்கு 1,500 சதுர மீட்டர் குழாய். நீங்கள் சொல்லும் மாடி எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

இப்போது அதே வேலையை மின் பேனல் செய்தால் என்ன ஆகும்? நன்றாகப் பராமரித்த கம்பெனியில் ஒரு டன் ஐஸுக்கு 60, 70 யூனிட் கரண்ட் ஆகும். 10 டன்னுக்கு 700. ஒரு கிலோவாட் பேனல் நம் ஊரில் நாளுக்கு 4 யூனிட்டுக்குச் சற்று மேலே தரும், அதனால் 170 கிலோவாட் அளவு பேனல், பரப்பு 900 சதுர மீட்டருக்குள் அடங்கிவிடும். கம்ப்ரசர், கண்டன்சர், தொட்டி எதையும் மாற்ற வேண்டாம். 2016ல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஓடத் தொடங்கிய காலத்தோடு ஒப்பிட்டாலும் பேனல் விலை இப்போது வெகுவாக இறங்கிவிட்டது, வெற்றிடக் குழாயும் உறிஞ்சு இயந்திரமும் அந்த அளவுக்கு இறங்கவில்லை. எனக்கு உறிஞ்சு முறைமேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும், ஓடுகிற கம்பெனியைப் பிரித்துப்போட்டு அதை வையுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

இன்னொரு விஷயத்தை வந்து பேசியவர் சொல்லியிருக்க மாட்டார். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, உங்கள் ஐஸுக்கு ஆள் இல்லை. வருடத்தின் நல்ல வெயிலில் ஒரு பெரிய பங்கு அந்த 61 நாளில்தான் விழுகிறது. மின் பேனல் வைத்திருந்தால் அந்தக் கரண்டை மின்வாரியத்தின் விதிப்படி லைனுக்குக் கொடுக்கலாம். வெப்பக் குழாய்க்கு அந்த வழி கிடையாது. வெப்பத்தை எடுக்க ஆள் இல்லாமல் வெயிலில் கிடந்தால் குழாய்க்குள் 200 டிகிரியையும் தாண்டும், தார்ப்பாய் போட்டு மூடி வைக்க வேண்டியிருக்கும். கார்த்திகை மார்கழியில் நிலைமை தலைகீழ், படகு போகும், மேகம் வெயிலை மறைக்கும்.

உறிஞ்சு முறை ஜெயிக்கும் இடம், வெப்பம் சும்மா கிடைக்கும் இடம். டீசல் ஜெனரேட்டரின் புகைக்குழாய் வெப்பம் 300, 400 டிகிரியில் காற்றோடு போய்க்கொண்டிருக்கிறது. பாய்லர் வைத்திருக்கும் ஆலைகளிலும் அப்படித்தான். அப்புறம் நம் மாவட்டத்தில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம். காய்ந்த விறகு கிலோவுக்கு 4 யூனிட் வெப்பம் தரும், அடுப்பு நஷ்டம் போக ஒரு டன் ஐஸுக்கு 100 கிலோ விறகு போதும். புதிதாகக் கம்பெனி கட்டுகிறவர், பகலில் வெயிலும் மேகமான நாளிலும் இரவிலும் கருவேல விறகும் என்று ஒரே கொதிகலனுக்கு இரண்டு வாசல் வைத்தால், உட்கார்ந்து கணக்குப் பார்க்கத் தகுந்த திட்டம் அது.

கேள்வி: மீன் ஏற்றுமதி நிறுவனத்தில் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்கள் இறால் உரிக்கும் கூடத்துக்கு சூரிய வெப்ப ஏசி போட ஆலோசனை நடக்கிறது. இயந்திரத்தின் குளிரூட்டும் அளவு மதுரையில் கிடைப்பதைவிட இங்கே குறைவாகத்தான் வரும் என்கிறார்கள். வெயில் இங்கே நிறையத்தானே இருக்கிறது, ஏன் குறைய வேண்டும்?
*(ராமநாதபுரம்)*

வந்த கடிதங்களில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. வெயிலால் ஓடும் குளிர் இயந்திரம் என்றதும் எல்லாரும் வெயிலைத்தான் அளக்கிறார்கள். ஆனால் அந்த இயந்திரத்தின் தலையெழுத்தை முடிவு செய்வது வெயில் இல்லை, வெப்பத்தைக் கடைசியில் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறோம் என்பதுதான்.

மூன்று வெப்பநிலைகள் இருக்கின்றன. கொதிகலன் 90 டிகிரி, குளிர்ந்த நீர் 7 டிகிரி, வெப்பத்தை வெளியே தள்ளும் இடம் 35 டிகிரி என்று வைப்போம். இயற்கை விதி அனுமதிக்கும் உச்சபட்ச பலனைக் கணக்கிட இரண்டு எண்களைப் பெருக்க வேண்டும். முதல் எண், 90லிருந்து 35க்கு இறங்கும் வெப்பத்தில் எவ்வளவு வேலையாக மாறலாம் என்பது: கெல்வினில் (டிகிரியோடு 273ஐக் கூட்டினால் கெல்வின்) 55ஐ 363ஆல் வகுத்தால் 0.15. இரண்டாவது, 7லிருந்து 35க்கு வெப்பத்தை ஏற்றும்போது ஒரு பங்கு வேலைக்கு எத்தனை பங்கு குளிர் என்பது: 280ஐ 28ஆல் வகுத்தால் 10. பெருக்கினால் 1.5. நடைமுறையில் ஓரடுக்கு லித்தியம் புரோமைடு இயந்திரம் 0.7 தரும், உராய்வும் கலப்பு நஷ்டமும் பாதியைத் தின்றுவிடுகின்றன.

இதில் ஒரு எண்ணை மட்டும் அசைத்துப் பாருங்கள். வெயில் பக்கத்தில் 5 டிகிரி கூட்டி 95 ஆக்கினால் 1.5 என்பது 1.63 ஆகிறது. அதையே விட்டுவிட்டு வெப்பம் கொட்டும் இடத்தை 5 டிகிரி குறைத்து 30 ஆக்கினால் 2.0. மாறாக அது 40 ஆகிவிட்டால் 1.17க்கு விழுந்துவிடும். வெப்பம் கொட்டும் வெப்பநிலை இரண்டு எண்களிலும் உட்கார்ந்திருக்கிறது. அது ஏறினால் கொதிகலனின் இறக்கமும் குறையும், குளிரின் ஏற்றமும் கூடும். இயந்திரத்தின் உள்ளேயும் இதே கதைதான். உறிஞ்சுகலமும் கண்டன்சரும் ஒரு டிகிரி சூடானால், அதே குளிரைப் பெறக் கொதிகலனைச் சுமார் இரண்டு டிகிரி ஏற்ற வேண்டும், சூடேற்றிச் சூடேற்றிக் கரைசல் அளவுக்கு மேல் கெட்டியாகிவிட்டால் லித்தியம் புரோமைடு குழாய்க்குள் கல்லாக உறைந்து ஓட்டத்தையே அடைத்துவிடும்.

சரி, மதுரைக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? மதுரையில் 36 டிகிரி வெயிலடித்து ஈரப்பதம் 40 சதவீதம் இருந்தால் ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு, 25 டிகிரி. நம் கரையில் 32 டிகிரிதான் இருக்கும், ஆனால் ஈரப்பதம் 75 சதவீதம், ஈரக்குமிழ் 28. இயந்திரத்தின் வெப்பத்தைக் காற்றில் கொட்டும் கூலிங் டவர் தண்ணீரை ஈரக்குமிழுக்கு 4, 5 டிகிரி மேலே வரைக்கும்தான் இறக்கித் தரும். ஆக அங்கே 29, 30ல் கிடைக்கும் தண்ணீர் இங்கே 32, 33ல் வருகிறது. வெப்பமானிக்கு மதுரைதான் அதிகச் சூடு, இயந்திரத்துக்கு நம் ஊர்தான் சூடு. கச்சான் காற்று நிலத்தின் மேலாக வறண்டு வரும் நாட்களில் டவர் நன்றாக வேலை செய்யும், கடல் பக்கமிருந்து ஈரக்காற்று ஏறும்போது மந்தமாகும், உங்கள் பணியாளர்களே அதைக் கவனித்திருப்பார்கள்.

கொட்ட வேண்டிய வெப்பத்தின் அளவும் இந்த முறையில் அதிகம். உள்ளே வந்த வெப்பம் முழுவதும் வெளியே போயாக வேண்டும், முதல் விதி அது. ஒரு கிலோவாட் குளிருக்கு 1.43 கிலோவாட் வெப்பத்தைக் கொதிகலனுக்குக் கொடுக்கிறோம், இரண்டும் சேர்ந்து 2.43 கிலோவாட் டவருக்குப் போகிறது. நல்ல கம்ப்ரசர் இயந்திரத்தில் அது 1.25தான். டவர் இரண்டு மடங்கு, ஆவியாகிப் போகும் நல்ல தண்ணீரும் இரண்டு மடங்கு. குடிதண்ணீருக்கே காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயை எதிர்பார்த்திருக்கும் மாவட்டத்தில் இந்தத் தண்ணீர்க் கணக்கைக் கடைசியில் பார்க்கலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். ஆலோசனைக் கூட்டத்தில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்.

அப்போ கடல் தண்ணீரை எடுத்தால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். எடுக்கலாம், ஆனால் இரண்டு தடங்கல். நம் கரையோரக் கடல் ஆழமில்லாதது, கோடையில் அதுவே 30 டிகிரியைத் தாண்டுகிறது, டவரைவிடப் பெரிய லாபம் அந்த மாதங்களில் இல்லை. மார்கழி தையில் நன்றாக இருக்கும். அடுத்தது, வெளியே விடும் சுடுநீர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் கடல் சூடேறிய 2010லும் 2016லும் வெளுத்துப்போனதைப் பார்த்தோம். ஒன்றிரண்டு டிகிரி ஏறினாலே தாங்காத உயிர் அது. தேசியப் பூங்கா எல்லைக்குப் பக்கத்தில் சுடுநீரைத் திறந்துவிடும் எந்தத் திட்டத்துக்கும் நான் ஆதரவு தர மாட்டேன், உரிய அனுமதிகளும் சட்டப்படி வேண்டும். குழாய் விஷயத்தில் கவனம்: கடல்நீருக்கு வழக்கமாகப் போடும் செம்பு-நிக்கல் குழாய் அமோனியா இயந்திரத்துக்கு ஆகாது, அமோனியா செம்பை அரித்துவிடும். டைட்டானியம் போட வேண்டும், விலை கடிக்கும்.

இவ்வளவு சொன்னதால் வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. உங்கள் கூடத்தில் இறால் வேகவைக்கும் பாய்லர் இருக்குமானால் அதன் மிச்ச வெப்பத்தை முதலில் அளந்து பாருங்கள், சூரியக் குழாய் அதற்குத் துணையாக இருக்கட்டும். 150 டிகிரிக்கு மேல் வெப்பம் கிடைத்தால் ஈரடுக்கு இயந்திரம் வைக்கலாம். ஒரே வெப்பத்தை இரண்டு தடவை வேலை வாங்குவதால் பலன் 0.7லிருந்து 1.2க்கு ஏறும், வெளியே கொட்டும் வெப்பமும் 1.83க்கு இறங்கும். குஜராத்தில் கோராஜ் கிராமத்து முனி சேவா ஆசிரம ஆஸ்பத்திரியில் வெயிலைக் குவிக்கும் கிண்ணங்களால் நீராவி எடுத்து ஏசி ஓட்டியிருக்கிறார்கள், நாட்டில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஆனால் குவிக்கும் கண்ணாடிக்கு நேர் வெயில் வேண்டும். கடலோர ஈரத்திலும் மூட்டத்திலும் வெயில் சிதறிவிடும், கண்ணாடியில் உப்பு படியும், கழுவ மறுபடி நல்ல தண்ணீர்.

கேள்வி: வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை. உப்பு வாரியதும் மிஞ்சுகிற கசப்புத் தண்ணியைச் சும்மா விடுகிறோம். அதுக்கும் குளிருக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, இரண்டு விதத்தில். அந்தக் கசப்பு நீரில் மெக்னீசியம் குளோரைடு நிறைய இருக்கிறது, காற்றின் ஈரத்தை இழுப்பதில் அது கெட்டிக்கார உப்பு. செறிந்த கரைசலை அட்டைத் திரைகளின் மேல் வழியவிட்டு அதன் ஊடாகக் காற்றை ஓட்டினால் ஈரப்பதம் பாதிக்கும் கீழே இறங்கும். நீர்த்துப்போன கரைசலை மறுபடி பாத்தியில் விட்டால் வெயில் கெட்டியாக்கித் தரும், அதற்கு 120 டிகிரி வேண்டாம், உங்களுக்குத் தெரிந்த அதே பாத்தி போதும். ஐஸ் வராது. ஆனால் கருவாடு காயவைக்கும் அறைக்கு, மழை நாளிலும் ஈரமில்லாத காற்று வரும். நம் கரைக்கு உறிஞ்சு இயந்திரத்தைவிட இது முதலில் வர வேண்டியது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று சூரியக் குளம். அடியில் செறிந்த உப்புநீர், மேலே நல்ல நீர், நடுவில் படிப்படியாகக் குறையும் உப்பு. அடிநீர் சூடானாலும் எடை அதிகம் என்பதால் மேலே எழும்பாது, வெப்பம் அங்கேயே தங்கி 70, 80 டிகிரி வரை ஏறும். குஜராத் பூஜ் நகரில் 6,000 சதுர மீட்டர் குளம் ஒன்று 1990களில் பால் பண்ணைக்கு வெந்நீர் கொடுத்தது. வெப்பத்தை இரவுக்கும் மேகநாளுக்கும் சேர்த்து வைப்பது இதன் பலம். நம் பக்கத்துக் காற்று குளத்தின் அடுக்குகளைக் கலக்கிவிடாமல் பார்க்க வேண்டும், தண்ணீர் பாசி பிடிக்காமல் தெளிவாக இருக்க வேண்டும்.

கேள்வி: கீழக்கரை. வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து வீடு கட்டுகிறேன். மாடியில் சூரிய வெப்ப ஏசி வைக்கலாமா? அமோனியா கசிந்தால் ஆபத்து என்கிறார்களே?

வீட்டுக்கு வேண்டாம், காக்கா. மின் பேனலும் இன்வெர்ட்டர் ஏசியும் போதும், அதற்கு முன்னால் மாடிக்கு வெள்ளைப் பூச்சும் மேற்குச் சுவருக்கு நிழலும் கொடுங்கள். அமோனியா நச்சுதான், ஆனால் ஆபத்தான அளவுக்கு வெகு கீழேயே மூக்கைத் துளைக்கும் வாசனை வந்துவிடும், காற்றைவிட லேசானது என்பதால் திறந்த வெளியில் பெரும்பாலும் மேலே போய்விடும். மூடிய அறையில் வைத்தால் உயிருக்கே வினை.

கேள்வி: பாம்பன்ல மீன் வாங்கிக் கூடையில விக்கிறேன். தினம் 20 கிலோ ஐஸ் வாங்குறேன், பாதி கரைஞ்சே போகுது. வெயில்ல வச்சா ஐஸ் தர்ற சின்னப் பெட்டி இருக்காமே, எங்க குழுவுக்கு வாங்கலாமா?

இருக்கிறது, அக்கா. கரித்தூளும் மெத்தனாலும் அடைத்த பெட்டி பகல் முழுக்க வெயிலில் சூடாகி ஆவியைப் பிரிக்கும், இரவில் அதே கரி ஆறி ஆவியைத் திரும்ப இழுக்கும்போது ஐஸ் கட்டும். கரண்டும் வேண்டாம், பம்பும் வேண்டாம். நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டருக்கு 5 கிலோ ஐஸ் வரும், உங்கள் ஒருத்திக்கே 4 சதுர மீட்டர் ஆகும். குழுவில் 10 பேர் என்றால் 40 சதுர மீட்டர், அந்தக் காசுக்கு மின் பேனல் வைத்த சின்ன ஐஸ் அறையே கட்டிவிடலாம். இரவு புழுக்கமாக இருந்தால் கரி சரியாக ஆறாது, ஐஸும் குறையும்.

உங்கள் காசு முதலில் போக வேண்டிய இடம் பெட்டி. ஓர் அங்குல தெர்மோகோல் பெட்டியில், சுற்றளவெல்லாம் சேர்த்து ஒன்றரை சதுர மீட்டர் இருந்தால், வெளியே 32 டிகிரி வெயிலுக்கு 12 மணி நேரத்தில் 8, 9 கிலோ ஐஸ் சுவர் வழியாக வரும் சூட்டுக்கே கரைந்துவிடும். அதே அளவுப் பெட்டி 3 அங்குல பஃப் (பாலியூரித்தேன் நுரை) சுவரோடு இருந்தால் 2 கிலோதான் கரையும். மூடி விளிம்பில் ரப்பர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், கரைந்த தண்ணீர் வடிய அடியில் திருகு மூடி போட்ட ஓட்டை இருக்கட்டும், மீனும் ஐஸும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை அடுக்குங்கள், பெட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு கட்டை மேல் நிழலில் வையுங்கள்.